பிரசவ அறைக் கதவில் ஒட்டிய தாளைக் கழற்றுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் பிரசவ விடுதிகளை நிருவகிப்பவர்களுக்கும், தாய்சேய் நலத்துக்கு ஆளணியும் நிதியும் ஒதுக்குபவர்களுக்கும்:

பிரசவ அறைக்குள் துணையாளருக்கு அனுமதி இல்லை. கர்ப்பகால வகுப்புகள் மறு அறிவித்தல் வரை நடைபெறா. பாலூட்டல் ஆலோசனைக்கு இருந்த அறை களஞ்சியத்துக்கு எடுக்கப்படுகிறது. மூன்று முடிவும் ஒரே தாளில், ஒரு விடுதியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எந்த விடுதி என்று இங்கே எழுதப்போவதில்லை. தாள் ஒட்டாமலே இதே மூன்றையும் செய்துகொண்டிருக்கிற இடங்கள் வேறும் உண்டு. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பிவிடும்.

விசாரித்தால் வாய்மொழியாகக் கிடைக்கிற காரணம்: இடமில்லை, ஆளில்லை, உயிர் காக்கும் சேவைகளுக்கே முதலிடம், மற்றவை வசதி இருந்தால் பார்க்கலாம். இடமும் ஆளும் குறைவு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் வீட்டுத் தரிசிப்பிலும் வேலை செய்தவர்கள்தான் இதை எழுதுகிறோம்: மருத்துவமாதர், தாதியர், இயன்மருத்துவர், சித்த வைத்தியர். நிறுத்தப்பட்டவை வசதி இருந்தால் மட்டும் செய்யக்கூடிய வேலைகள் என்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. நீங்கள் நிறுத்தினால் அவை இல்லாமல் போகப்போவதும் இல்லை. தெரியாதவர்களின் கைக்குப் போகும், காசுக்கு விற்கப்படும். அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

துணையாளர் விடயத்தை முதலில் எடுக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தாய் தானே தெரிவுசெய்த ஒருவர் பிரசவம் முழுவதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதற்கு முதல் வருடம் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட தாய்மாரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களில் ஆயுதம் போடாமல் தானாகப் பிள்ளை பிறந்தது அதிகம், சிசேரியன் குறைவு, வலி இருந்த நேரம் குறைவு, வலிநிவாரணி தேவைப்பட்டதும் குறைவு. இந்தச் சேவைக்கு விடுதி ஒரு சதமும் சம்பளம் கொடுப்பதில்லை. தாயின் அம்மாவோ அக்காவோ மச்சாளோ வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

வருகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், தாயை இன்னும் பயப்படுத்துவார் என்று சொல்லப்படுகிறது. வகுப்புக்கு வராதவர் அப்படிச் செய்யக்கூடும். வகுப்புக்கு வந்தவர் செய்வது வேறு. குத்து, அதாவது விட்டுவிட்டு வருகிற பிரசவ வலி, வரும்போது தாயை முன்பக்கம் சாய விடுகிறார். உயர்த்திய கட்டில் தலைப்பிலோ கதிரையின் முதுகிலோ கையை ஊன்றலாம். நாரிக்குக் கீழே, இரண்டு புட்டத்துக்கும் நடுவில் தட்டையாக ஒரு எலும்பு கைக்குப் படும். அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பக்கத்தை வைத்து, தேய்க்காமல், குத்து முடியும்வரை ஒரே அளவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். குத்து இறங்கியதும் விட வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் "இன்னும்" என்பார்கள். பிள்ளையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் வலி பெரும்பாலும் நாரியில்தான் இருக்கும். அப்போது இதைவிடக் கைகொடுக்கிற வேறு எளிய வழி இல்லை. கை வழுக்கித் தோல் உரசாமலிருக்க ஒரு துளி எண்ணெய் போதும். அதற்கு மேல் ஊற்றினால் பிடி நிற்காது.

சூடும் அப்படித்தான். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் தன் முழங்கை உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தாயின் நாரியில் வைப்பது. 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் மரத்த இடத்தில் வைக்கவே கூடாது; சுடுவது அவருக்குத் தெரியாது. சுடுதண்ணீர்ப் போத்தலை வெறும் தோலில் வைத்து வந்த கொப்புளத்தை விடுதியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் தலை தெரிகிற கட்டத்தில் இதே சூடான துணியை மருத்துவமாது பிறப்புவழியின் கீழ்த்தசையில் வைத்துப் பிடித்தால், மலவாயில்வரை போகிற பெரிய கிழிவு குறைகிறது. 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் அதுவும் இருக்கிறது. ஒரு கேத்தலும் நான்கு சுத்தமான துவாயும் இருந்தால் செய்யலாம்.

மூச்சு: மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடுவது. பயத்தில் தாய் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினால் விரல் நுனியும் உதட்டோரமும் விறைக்கும், தலை சுற்றும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் குறைந்துவிடுவதால் வருவது அது. பக்கத்தில் இருப்பவர் அவருடைய கண்ணைப் பார்த்துச் சேர்ந்து மெதுவாக விட்டால் ஒருசில நிமிடத்தில் சரியாகும். ஒரு தாதி நான்கைந்து கட்டிலைப் பார்க்கும்போது இதைச் செய்ய முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க ஞாபகப்படுத்துவதும் அப்படியே. நிரம்பிய சலப்பை பிள்ளையின் தலை இறங்குவதைத் தடுக்கும். பிறந்த பிறகு கருப்பை சுருங்குவதைத் தடுத்து இரத்தப்போக்கைக் கூட்டும். மல்லாக்கப் படுத்திருக்கிற தாயை இடப்பக்கம் திருப்பி விடுவதும் துணையாளரின் வேலை. மல்லாந்தால் கருப்பையின் பாரம் பெருநாளத்தை நசுக்குகிறது, பிள்ளைக்குப் போகிற இரத்தம் குறைகிறது.

துணையாளர் செய்யக் கூடாதவற்றையும் அதே வகுப்பில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். கருப்பை வாய் முழுதாகத் திறக்கமுதல் "முக்கு, முக்கு" என்று சொல்லக் கூடாது. வயிற்றை மேலிருந்து அழுத்தக் கூடாது. அதை யாருமே செய்யக் கூடாது என்று அந்தப் பரிந்துரைகளே சொல்கின்றன. வீட்டிலிருந்து கசாயமோ விளக்கெண்ணெயோ கொண்டுவந்து கொடுக்கக் கூடாது. விளக்கெண்ணெய் குடலைக் குழப்பி வயிற்றோட்டத்தையும் நீரிழப்பையும் கொண்டுவரும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் அதை உருவி விடக் கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போகும். உடனே தாதியைக் கூப்பிட வேண்டும்.

இடமில்லை என்பதற்கு எங்கள் பதில்: கட்டில்களுக்கு இடையில் கூரையிலிருந்து தொங்கும் கம்பியும் துவைக்கக்கூடிய திரைச்சீலையும். மற்றத் தாய்மாரின் மறைவு கெடும் என்ற நியாயமான ஆட்சேபத்துக்கும் அதுதான் பதில். ஒரு தாய்க்கு ஒருவர், வகுப்புக்கு வந்தவர், காய்ச்சலோ இருமலோ இல்லாதவர், கை கழுவி மேலங்கி போட்டவர், அவசர நிலையில் சொன்னதும் வெளியே போக ஒத்துக்கொண்டவர். இவ்வளவு நிபந்தனை போட்டும் முடியாது என்றால் தடை இடத்தில் இல்லை. தகப்பன்மாரைப் பற்றி இப்போது நாங்கள் வாதாட வரவில்லை. திரைச்சீலை வந்தபிறகு அதைப் பேசலாம்.

வகுப்புக்கு வருகிறோம்.

நீங்கள் நிறுத்திய வகுப்பு வேறு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது. வட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் "கர்ப்பகாலப் பொதி", "பிரசவப் பொதி", "தாய்க்குளிப்புப் பொதி" என்று விற்கிறார்கள். சிலர் உண்மையிலேயே வேலை தெரிந்தவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. பலர் தெரியாதவர்கள். எதையும் கலக்காத லவெண்டர் எண்ணெயை வயிற்றில் பூசச் சொல்கிறார்கள். வாசனை எண்ணெயை நேரே தோலில் பூசினால் எரியும், தடிக்கும். வளர்ந்தவருக்கே 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 6 துளி, அதாவது நூற்றுக்கு ஒன்றளவில் நிறுத்த வேண்டும். பிறந்த பிள்ளைக்கு ஒரு துளியும் வேண்டாம். கற்பூரமும் மென்தோலும் சேர்ந்த தைலத்தைத் தடிமன் என்று பிள்ளையின் மூக்கடியில் பூசினால் மூச்சே தடைப்படலாம். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று பொதியில் அச்சிட்டிருக்கிறது. அதை மறுத்துச் சொல்ல வேண்டிய ஆளை நீங்கள் கதவுக்கு வெளியே விட்டுவிட்டீர்கள்.

வகுப்பில் சொல்லக்கூடியவை எவ்வளவு சிறியவை, ஆனால் எவ்வளவு பிழையாக நடக்கின்றன என்பதற்குச் சில உதாரணம்.

மசக்கைக்கு இஞ்சி உதவும் என்பது சரி. நாளுக்கு உலர்ந்த இஞ்சி, அதாவது வேர்க்கொம்பு, 1 கிராம் அளவில், பிரித்து எடுக்க வேண்டும். கூட எடுத்தால் நெஞ்செரிவுதான் மிச்சம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தன் மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாக, கையின் உட்பக்கத்தில் இரண்டு நரம்புக் கயிற்றுக்கும் நடுவில் அழுத்துவது சிலருக்கு ஆறுதல் தரும், தீங்கு இல்லை. ஆனால் தண்ணீரே வயிற்றில் தங்காமல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பவருக்கு இஞ்சியும் வேண்டாம் அழுத்தமும் வேண்டாம், சேலைன் வேண்டும். இந்த எல்லைக் கோட்டை வட்ஸ்அப்பில் யாரும் போடுவதில்லை.

இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கிளினிக்கிலும் கேட்டுப் பாருங்கள். தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துவிடும். கல்சியம் குளிசையும் அதே நேரத்தில் போட்டால் அதுவும் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாதக்கணக்காகக் குளிசை போட்டும் குருதி ஏறவில்லை என்று கிளினிக் அட்டையில் எழுதப்படும், ஏன் என்று எழுதப்படாது.

34 கிழமைக்குப் பிறகு, முதற்பிள்ளைக்காரர்கள் பிறப்புவழிக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட தசையைச் சுத்தமான கையால், சுத்தமான எண்ணெய் தொட்டு, கிழமைக்கு மூன்று நான்கு தடவை, ஐந்து நிமிடம்வரை மெதுவாக இளக்கி வந்தால் தையல் போடவேண்டிய காயம் குறைகிறது. பெருவிரலை ஒரு அங்குலம் உள்ளே வைத்து, மலவாயில் பக்கமாகக் கீழேயும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது. மேலே சிறுநீர்வழிப் பக்கம் போகக் கூடாது. பன்னீர்க்குடம் உடைந்திருந்தால், இரத்தம் பட்டிருந்தால், நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கான் சொல்லியிருந்தால், தொற்று இருந்தால் செய்யக் கூடாது. இதை ஒரு துண்டுப் பிரசுரத்தில் போட்டால் யாரும் செய்யமாட்டார்கள், வெட்கம், பயம். ஒரு மருத்துவமாது கதவைச் சாத்திவிட்டு, துணிப் பொம்மையை வைத்துக் காட்டினால் செய்வார்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் அதேபோல் பிழைபடுகிறது. காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுதாக விட்டு, ஒரு தடவைக்குப் பத்து என்று நாளுக்கு மூன்று முறை. ஆரம்பத்தில் மூன்று எண்ணிக்கை பிடிக்க முடிந்தாலே போதும். பலர் மூச்சை அடக்கிக்கொண்டு புட்டத்தை இறுக்குகிறார்கள், அதனால் பலனில்லை. சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்வது இன்னும் பிழை, சலப்பை முழுதாக வெறுமையாகாது. இருமும்போது சிறுநீர் கசிகிற பெண்கள் இந்த ஊரில் அதைப் பிள்ளை பெற்றதற்கான கூலி என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இயன்மருத்துவரிடம் யாரும் அனுப்புவதில்லை.

பிள்ளைப்பெற்ற வீட்டுப் பழக்கங்களைப் பற்றி நீங்கள் எடுத்திருக்கிற நிலைப்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். நிலைப்பாடு என்று ஒன்று இல்லை. விடுதியில் "அதெல்லாம் செய்யாதேங்கோ" என்று ஒரு வசனம். வீட்டுக்குப் போனதும் எல்லாம் நடக்கிறது. எது நல்லது, எது வெறும் பழக்கம், எது கெடுதல் என்று பிரித்துச் சொன்னால் மாமியாரும் கேட்பார். முழுவதையும் ஒரே வசனத்தில் தள்ளினால், பிள்ளைக்குக் கூடாத தேனும் தாய்க்கு நல்ல சரக்குக் கறியும் ஒரே தட்டில் போகும்.

மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி போட்டு அரைத்த சரக்குக் கறியில் ஒரு குறையும் இல்லை. பால்சுறா வறையிலும் முருங்கையிலைச் சுண்டலிலும் புரதமும் இரும்பும் இருக்கின்றன. கெடுதல் அவற்றோடு சேர்ந்து வருகிற தடைகளில் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு வண்டி வைக்கும் என்று தாகத்தோடு விடுவது. பழம் குளிர் என்று நிறுத்துவது. பால் கொடுக்கிறவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரும் நாரும் இல்லாமல் மலம் இறுகினால் தையல் போட்ட இடத்தில் அந்தத் தாய் படுகிற பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

நொச்சியும் பாவட்டையும் ஆமணக்கிலையும் அவித்த தண்ணீரில் குளிப்பது உடம்பு நோவுக்கு இதமானது. ஆனால் சுடச்சுட வயிற்றிலும் நாரியிலும் வீசி ஊற்றினால், பிரசவத்தில் இரத்தம் போய் அழுத்தம் குறைந்திருக்கிற தாய் குளியலறையிலேயே மயங்கி விழுவார். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிய, தலைக்குப் போகிற இரத்தம் இன்னும் குறைகிறது. ஸ்டூலில் இருத்த வேண்டும், கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சிசேரியன் காயத்தைக் குளித்ததும் ஒற்றி உலர்த்த வேண்டும். இலைத்தண்ணீரை அதன்மேல் ஊற்றக் கூடாது. கட்டிலின் கீழே தணல் வைப்பதும் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். பாதரசமும் பாடாணம் என்கிற நச்சுக் கனிமமும் சேர்ந்த மருந்தைப் பால் கொடுக்கிற தாய்க்குத் தரக் கூடாது. இதைச் சொல்வதில் எங்களுக்குள்ளே இருக்கிற சித்த வைத்தியர்கள்தான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

பிள்ளைக்கு: ஒரு வயதுக்கு முதல் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். தலையைப் பிடித்து உருட்டுவதும் மூக்கை இழுத்து நீட்டுவதும் வேண்டாம். உடம்புக்குத் தேங்காய் எண்ணெயை இதமாகத் தடவலாம், அதில் குறையில்லை, பிள்ளைக்கும் தாய்க்கும் சுகம். இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. அக்காவின் பிள்ளை போட்ட சட்டைகளை றங்குப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடுகிறோம். பெட்டிக்குள் போட்ட பூச்சி உருண்டையின் நப்தலின் ஆவி துணியில் ஏறியிருக்கும். செங்குருதிக் கலங்களைக் காக்கிற ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்த பிள்ளைக்கு அது செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். துவைத்து நல்ல வெயிலில் காயப் போட்டுவிட்டுத்தான் போட வேண்டும். உருண்டையைப் பிள்ளையின் துணிப் பெட்டியில் வைக்கவே கூடாது.

களஞ்சியமாகப் போகிற அந்தச் சிறிய அறைக்கு வருவோம்.

சாதாரண பிரசவமான தாய் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகிறார். பால் பெருகுவது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். அதாவது மார்பு கல்லாகி, காம்பு வெடித்து, பிள்ளை வீரிட்டு அழுகிற நாளில் அவர் உங்களிடம் இல்லை. திரும்பி வந்து காட்டுவதற்கு இருந்த இடம் அந்த அறைதான். அங்கே ஒரு கதிரை, கால் வைக்க ஒரு பலகை, ஒரு தலையணை, பார்க்கத் தெரிந்த ஒருவர். அவர் பார்ப்பது: பிள்ளையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, நாடி, அதாவது முகவாய், மார்பில் முட்டுகிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, கருவட்டம் மேற்பக்கம் கூடவும் கீழ்ப்பக்கம் குறையவும் தெரிகிறதா. காம்பை மட்டும் சப்பினால் வெடிக்கும். வெடித்த காம்புக்குப் பூச்சு தேடுவதைவிடப் பிள்ளையை எடுத்துத் திரும்பப் பிடிப்பிப்பதுதான் வைத்தியம். கட்டிய மார்பைப் பலங்கொண்டு பிசைவது உள்ளே வீக்கத்தைக் கூட்டும். பால் கொடுக்கமுதல் சிறிது கையால் எடுத்து மென்மையாக்கி, கொடுத்தபின் குளிர்ந்த துணி வைக்க வேண்டும். குளிரூட்டியில் வைத்த கோவா (முட்டைக்கோஸ்) இலையை வைத்தும் பலருக்கு நோ குறைகிறது. கையால் எடுப்பதற்குப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரலைச் சேர்த்து, விட வேண்டும். தோலில் வழுக்கி இழுத்தால் பால் வராது, நோ மட்டும் வரும்.

இந்தப் பத்து நிமிட உதவி கிடைக்காத வீட்டில் அன்றிரவே பால்மா ரின் திறக்கப்படுகிறது. "பால் காணாது" என்று முடிவுகட்ட ஒரு அளவுகோல் உண்டு: ஐந்தாம் ஆறாம் நாளில் 24 மணி நேரத்துக்கு ஆறு நனைந்த துணி, இரண்டாவது கிழமை முடியுமுன் பிறந்த நிறை திரும்புவது. அழுகை அளவுகோல் இல்லை. இதைச் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் இருக்க ஓர் அறை வேண்டும். சேலைன் பெட்டிகளை வேறு எங்கும் அடுக்கலாம்.

குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வருவாரே என்பீர்கள். வருவார், அவர்களில்லாமல் இந்த நாட்டின் தாய்சேய் நலமே இல்லை. ஆனால் எங்கள் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள். மானிப்பாயில் பதிந்தவர் பருத்தித்துறையில் பிள்ளைப்பெறுகிறார். நெடுந்தீவுக்காரர் திகதிக்கு முன்னரே குறிகட்டுவான் படகு ஏறி வந்து கரையில் உறவினர் வீட்டில் தங்குகிறார். பதிவு ஒரு பிரிவில், தாய் இன்னொரு பிரிவில். முதல் பத்து நாளுக்குள் நடக்கவேண்டிய தரிசிப்பு இரண்டு பிரிவுக்கும் நடுவில் காணாமல் போகிறது. அந்தப் பத்து நாளும்தான் இரத்தப்போக்கும் தொற்றும் மஞ்சட்காமாலையும் வருகிற நாட்கள்.

முன்பு இந்த இடைவெளியை அம்மா நிரப்பினார். இப்போது பல அம்மாமார் கனடாவில், புருசன் கட்டாரில். பிள்ளைப்பெற்றவரும் வீடியோ அழைப்பும்தான் வீட்டில். மூன்றாம் நாளையொட்டி வருகிற அழுகை இரண்டு கிழமைக்குள் தானாக ஆறும். அதற்கு மேலும் நித்திரையின்மை, பிள்ளையில் பற்றின்மை, "நான் உதவாதவள்" என்ற எண்ணம் நீடித்தால் அது நோய். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிகிற எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள்தான், உச்சப் புள்ளி 30, ஐந்து நிமிடத்தில் முடியும். மாமியார் பக்கத்தில் இருந்து பதில் சொன்னால் அந்தத் தாள் செல்லாது. பத்தாவது கேள்வி தன்னைத் தான் காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் பூச்சியம் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். 1926 என்ற மனநல உதவி இலக்கம் எத்தனை பிரசவ விடுதிச் சுவரில் எழுதியிருக்கிறது?

கடைசியாக, தாளில் இல்லாத ஒன்று. பிள்ளை இறந்து பிறந்த தாயை, பிள்ளையோடு இருக்கிற தாய்மாரின் வரிசையிலேயே படுக்க விடுகிறீர்கள். கட்டில் இல்லை என்பதால்தான், கொடுமைக்காக அல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு செய்தி உண்டு: மூன்றாம் நாளளவில் அவருக்கும் பால் வரும். வீட்டுக்குப் போய், சட்டை நனைந்தபிறகுதான் அவர் அதை அறிகிறார். இறுக்கிக் கட்டாமல் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை, குளிர்ந்த துணி, நோ தாங்காதபோது மட்டும் சிறிதளவு எடுத்துவிடுவது, தேவையானால் பாலை நிறுத்த வைத்தியர் எழுதக்கூடிய குளிசை. இவ்வளவையும் விடுதியை விட்டுப் போகமுதல் ஐந்து நிமிடத்தில் சொல்லலாம். பிள்ளையைப் பார்க்க விருப்பமா, தூக்க விருப்பமா என்று கேட்கலாம். கேட்காமல் துணியில் சுற்றித் தகப்பனிடம் கொடுத்துவிடுகிற வழக்கம் நிற்க வேண்டும். அவருடைய அட்டையில் தெளிவாகக் குறித்தால், ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வந்து "பிள்ளை எங்கே, நிறை பார்ப்பம்" என்று கேட்கிற நிலை மருத்துவமாதுக்கும் வராது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

கதவில் ஒட்டிய தாளைக் கழற்றுங்கள். வகுப்புக்கு வந்த பெண் துணை ஒருவரை மேலே சொன்ன நிபந்தனைகளோடு உடனே அனுமதியுங்கள். திரைச்சீலை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இருக்கிற மறைப்புத் தட்டிகளை வைத்துத் தொடங்கலாம். திரைச்சீலைக்கும் கம்பிக்கும் வருகிற ஆண்டு ஒதுக்கீட்டில் தனி வரி போடுங்கள்.

கர்ப்பகால வகுப்பை ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் மாதத்துக்கு இரண்டு தடவை நடத்துங்கள். அதில் ஒன்று சனிக்கிழமையாக இருக்கட்டும், வேலைக்குப் போகிறவர்களும் துணைக்கு வருகிறவர்களும் அப்போதுதான் வரலாம். விரிவுரை வேண்டாம், பாயும் தலையணையும் பொம்மையும் போதும். ஓய்வுபெற்ற மருத்துவமாதர் பலர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுத்தால் வருவார்கள். எங்களில் சிலர் அதுவும் இல்லாமல் வரத் தயார்.

பாலூட்டல் அறையைத் திரும்பக் கொடுங்கள். பிரசவமாகி ஒரு மாதம்வரை எந்தத் தாயும் அனுப்புத் துண்டில்லாமல், பதிவில்லாமல் நேரே வந்து காட்டலாம் என்று வாசலில் எழுதுங்கள். தாய் விடுதியை விட்டுப் போகும்போது "எந்த வீட்டில் இருக்கப் போகிறீர்கள்" என்று கேட்டு, அந்தப் பிரிவின் மருத்துவமாதுக்கு அன்றே தொலைபேசியில் அறிவிப்பதை ஒருவரின் பெயர் குறிப்பிட்ட பொறுப்பாக்குங்கள்.

பிள்ளைப்பெற்ற வீட்டுப் பழக்கங்கள் பற்றி மகப்பேற்று வைத்தியர்களும் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிப்பவர்களும் ஒரு மேசையில் இருந்து, செய்யலாம், வேண்டாம், கேட்டுச் செய் என்று ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். அதை எழுதுவதில் மருத்துவமாதர் இருவராவது இருக்க வேண்டும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காசுக்குப் பொதி விற்பவர்களிடம் பயிற்சிச் சான்றும் பொருட்களின் உள்ளடக்கப் பட்டியலும் கேட்பதற்கு ஓர் அலுவலரை நியமியுங்கள். தடை கேட்கவில்லை, பதிவு கேட்கிறோம்.

பிள்ளையை இழந்த தாய்க்கு வேறு அறை. அறை இல்லையென்றால் வரிசையின் ஓரக் கட்டிலும் சுற்றி மறைப்பும். பால் வருவது பற்றிய அறிவுரை எழுத்திலும் வாயாலும். அட்டையில் குறிப்பு. இதற்குப் பணமே தேவையில்லை. ஆகவே இதை அடுத்த கிழமையே தொடங்கலாம்.

ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். முடியாது என்பவற்றுக்கு, எதனால் முடியாது என்பதையும் அந்த முடிவை எடுத்தவரின் பதவியையும் சேர்த்து எழுதுங்கள். வகுப்புக்கான பாடத்திட்டமும் துணையாளருக்கான ஒரு பக்க அறிவுறுத்தலும் எங்களிடம் தமிழில் ஆயத்தமாக இருக்கின்றன. கூப்பிட்டால் கொண்டு வருவோம்.

இங்ஙனம்,
தாய்சேய் நலப் பணியில் இருந்தோரும் இருப்போரும்,
யாழ்ப்பாணம்